மெழுகுப் பல்

பல் மருத்துவம் படிக்கிற பெண் நாள் கணக்கில் பல் தேய்க்காமல் படுத்திருந்தாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கே ஒரு தடவை சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பதற்கும் கொஞ்சம் உடம்பு வளைய வேண்டும். அது வளையவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விடுதியில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். வைத்தவள் அறைத்தோழி. அந்த அறைத்தோழிக்கு விடுதி வைத்த பெயர் டமாரம். அவள் ரகசியம் பேசினால் எதிர் அறைக்காரி பதில் சொல்லுவாள், அப்படிப்பட்ட தொண்டை.

சேர்ந்த புதிதில் ஜட்ஜம்மா எதைப் பார்த்தாலும் ஒரு தீர்ப்புச் சொல்வாள். குளியலறைத் தாழ்ப்பாள் ஒருநாள் யாருடைய மானத்தையாவது வாங்கப் போகிறது. சாப்பாட்டுக்கூடத்துக் குழம்பில் நேற்றைய குழம்பு நீச்சலடிக்கிறது. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எப்போது என்று சொல்ல முடியாது, அந்தத் தீர்ப்புகள் வெளியே போவதை விட்டுவிட்டு உள்ளே திரும்பின. ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் அவள் மண்டு. தோழிகள் அவளை விட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போனால் அவளை யாருக்கும் பிடிக்கவில்லை. ஆசிரியர் அவளைப் பார்த்துச் சிரித்தால் பரிதாபப்படுகிறார், சிரிக்காவிட்டால் வெறுக்கிறார். எந்தப் பக்கம் போனாலும் குற்றவாளி அவள்தான். வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது.

முதலாம் ஆண்டு முடிவில் ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. சோப்புக்கட்டியைவிடச் சிறிய மெழுகுக் கட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரு பல்லைச் செதுக்கச் சொல்வார்கள். வேர், அது பல்லோடு சேரும் கழுத்து எல்லாம் உள்ள முழுப் பல். கட்டியின் நான்கு பக்கமும் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்து, சின்னக் கத்தியால் சீவிச் சீவிப் பல்லை வெளியே எடுக்க வேண்டும். ஜட்ஜம்மாவின் கை அதற்கென்றே செய்தது போன்ற கை. அவள் அதையும் நம்பியதில்லை.

தேர்வில் பாதிச் செதுக்கலில் பல்லின் ஒரு முனையிலிருந்து மெழுகுச் சில்லு ஒன்று தெறித்தது. கடுகளவு இருக்கும். அவ்வளவுதான். முனை போச்சு. பல் போச்சு. தேர்வு போச்சு. படிப்பு போச்சு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அப்பாவும், மருந்துக்கடையில் பில் போடுகிற அம்மாவும் சேர்ந்து அனுப்பி வைத்த எல்லாமே போச்சு. கத்தியைக் கீழே வைத்தாள், எழுந்தாள், வெளியே நடந்தாள். கழிப்பறைக்குப் போகிறாள் என்று கண்காணிப்பில் இருந்த டியூட்டர் நினைத்துக்கொண்டார். அவள் விடுதிக்குப் போய்ப் படுத்தாள்.

படுத்தவள் எழவில்லை. வகுப்பு முழுக்க இரண்டாம் ஆண்டுக்கு மாடியேறிவிட்டது. மெழுகைச் செதுக்கவே வராத டமாரம்கூட எப்படியோ ஒப்பேற்றித் தேறிவிட்டாள். ஜட்ஜம்மாவுக்கு ஒரு மறுதேர்வு மிச்சம் இருந்தது. அதையும் விட்டால் ஒரு வருடம் கீழேயே உட்கார வேண்டும். அவள் உட்காரமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். படுத்துவிடுவாள். ஒருமுறை படுத்தே இன்னும் எழுந்திருக்கவில்லை, இன்னொருமுறை படுத்தால் கட்டிலோடு கட்டிலாக ஆகிவிட வேண்டியதுதான்.

வீட்டிலிருந்து போன் வரும்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா."

"எப்படி இருக்க?"

"நல்லாருக்கேன்மா."

இந்த நான்கு வரியைத் தினமும் ஒப்பித்துவிட்டுப் போர்வைக்குள் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டமாரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த ஜட்ஜம்மா, "காலைல எழுந்திருக்காமலே போயிட்டா தேவலைன்னு இருக்குடி" என்றாள். குழம்பில் உப்பு கம்மி என்கிற தொனியில்.

டமாரம் மடிப்பதை நிறுத்தினாள். மடித்த துணியை வைத்துவிட்டு எழுந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த ஜட்ஜம்மாவின் செருப்பைக் காலால் வெளியே தள்ளினாள்.

"போடு."

"எங்க?"

"டாக்டர்கிட்ட."

"நாளைக்குப் போலாம்."

"நாளைக்கு நீ எழுந்திருக்கவே போறதில்லன்னு இப்பதானே சொன்ன. செருப்பைப் போடு."

"தலை சீவல."

"பொண்ணு பாக்கவா போறோம்? போடு."

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்த ஒரு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருந்தார். தூக்கம் போதாத கண்கள், கறை பட்ட கோட்டு. நிறையக் கேட்டார். வளைத்து வளைத்துப் பேசாமல், சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். ஜட்ஜம்மாவும் நேராகவே பதில் சொன்னாள். இது சோம்பல் இல்லை, மனச்சோர்வு, ஒரு நோய், வைத்தியம் இருக்கிறது என்றார். மாத்திரை எழுதினார். வாராவாரம் வந்து பேசவேண்டும் என்றார். தனியாக விடாதே என்று டமாரத்திடம் சொன்னார்.

வெளியே வந்ததும் டமாரம் கேட்டாள். "உள்ள அவ்வளவு நேரம் என்ன சொன்னாங்க?"

"மனசுல வர்றதையெல்லாம் நடந்த சேதின்னு நெனைக்காதன்னாங்க."

"இதை நான் ஓசியிலயே சொல்லிருப்பேனே."

"நீ சொன்னா தெருவே கேட்கும்."

அதைக் கேட்ட பிறகுதான் டமாரம் கவனித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு ஜட்ஜம்மா அவளைக் கிண்டல் செய்திருந்தாள். அதைப் பெரிதுபடுத்தினால் மறுபடி கூட்டுக்குள் போய்விடுவாளோ என்று வாயை மூடிக்கொண்டு நடந்தாள்.

மாத்திரை வானவில் எதையும் காட்டவில்லை. வாய் உலர்ந்தது, கை லேசாக நடுங்கியது. பிறகு ஒரு காலையில் வாய் நிறைய நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருப்பதைத் தானே கவனித்தாள். யாரும் சொல்லாமல் எழுந்து வந்திருந்தாள். அவ்வளவுதான் முன்னேற்றம்.

அன்றைக்கு அவளே வீட்டுக்குப் போன் செய்தாள். அம்மா கடையில் இருந்தாள்.

"அம்மா, நான் பரீட்சையில பாதியிலயே எழுந்து வந்துட்டேன்."

"இரு, மீதி குடுத்துட்டு வரேன்." கல்லாப்பெட்டி மூடும் சத்தம் கேட்டது. "ம், சொல்லு. எழுந்து வந்து எங்க போன?"

"ரூமுக்கு. படுத்துட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"அப்பலேர்ந்து."

 "தெனமும் போன்ல நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு ஒருத்தி சொன்னாளே, அவ யாரு?" என்றாள் அம்மா.

 ஜட்ஜம்மா மூக்கை உறிஞ்சினாள். டாக்டரிடம் போனதைச் சொன்னாள்.

"மாத்திரை பேரைப் படி."

படித்தாள்.

"சரி, அதுவா. வயித்தைப் பொரட்டும், சாப்ட்டுட்டுப் போடு. நீயா நிறுத்தக் கூடாது. இந்தத் தெருவுல பாதிப் பேரு எங்கிட்டதான் இதை வாங்கிட்டுப் போறாங்க. ஒருத்தருக்கொருத்தர் தெரியாது, அவ்வளவுதான். அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். இனிமே போன் பண்ணா பொய் சொல்லாத. நல்லால்லன்னா நல்லால்லன்னு சொல்லு. நானும் உங்கப்பாவும் என்ன கண்ணாடியா, ஒடஞ்சு போறதுக்கு?"

மறுதேர்வுக்குப் பழக ஆரம்பித்தாள். மதிய வெயில் ஜன்னல் வழியாக மேசையில் விழும். மெழுகு இளகிவிடும். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டு, அவ்வப்போது கட்டியை முக்கி எடுத்துச் செதுக்க வேண்டும். ஆனால் எந்தப் பல்லும் முழுப் பல் ஆகவில்லை. கொஞ்சம் சீவியதும் ஒரு குறை கண்ணில் படும். பட்டதும் குப்பைக்கூடை. அடுத்த கட்டி. அடுத்த குறை. அடுத்த வீச்சு. மெழுகுத்தூள் செருப்பில் ஒட்டி நடைபாதை முழுக்கப் பரவி, கூட்டுகிற அம்மா கதவைத் தட்டி, "பல்லு வைத்தியமா, மெழுகுவத்தி வியாபாரமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இன்னொரு கட்டி பறந்து கூடையில் விழுந்தபோது, வகுப்பு முடிந்து உள்ளே வந்த டமாரம் அதைக் குனிந்து எடுத்தாள்.

"இதுல என்னடி கொறச்சல்?"

"கழுத்து வளைவு சரியில்ல."

"எங்க?"

"அங்கதான். கண்ணு தெரியலயா?"

டமாரம் கட்டிலில் உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள். "ஒண்ணு சொல்றேன். கத்தியைக் கீழ வச்சுட்டுக் கேளு. போன வருஷம் பூரா நீ கூடையில போட்டதெல்லாம் எங்க போச்சுன்னு நெனைக்கிற?"

"குப்பைக்கு."

"லேபுக்கு. என் பேருல."

ஜட்ஜம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ பாதியில எறிஞ்சதை எடுத்து, நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி மீதியைச் சீவி, சோப்புத் தண்ணியில தேய்ச்சுக் குடுத்துட்டேன். உன்னோட கோரைப்பல்லுக்கு டியூட்டர் வெரி குட் போட்டாரு. எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாரு. நீயும்தான் பாத்துட்டு நின்ன. 'நல்லா செதுக்கியிருக்கடி'ன்னு எங்கிட்டயே சொன்ன."

"திருட்டு நாயே."

"சரி, திருட்டு நாய்தான். ஆனா வெரி குட் உனக்குத்தானே."

ஜட்ஜம்மா கையில் கிடைத்த தலையணையை வீசினாள். அது பட்டும் டமாரம் நகரவில்லை. ஜட்ஜம்மாவின் மனசு அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டது. டியூட்டர் அன்றைக்குச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார். கடைசியில் டமாரம் சீவிய மீதிதான் நன்றாக இருந்திருக்கும். தவறிப்போய் ஒன்று சரியாக வந்திருக்கும். இதையெல்லாம் அவள் வாய்விட்டே சொன்னாள்.

"நான் சீவுன மீதியா? என் கையால பென்சில் சீவுனாலே முனை உடையும்" என்றாள் டமாரம். "வெரி குட் வாங்கினாலும் உனக்குத் தண்டனைதானா? உங்கிட்ட எவன் வாதாடுவான்? எனக்கு வேற வேலை இருக்கு. ஒண்ணே ஒண்ணு பண்ணு. அசிங்கமா இருந்தாலும் முடி. முடிச்சுட்டுத் தூக்கிப் போடு. பாதியில போடாத."

"முடிச்சு என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது. முடிஞ்சிருக்கும்."

வாதாட அலுப்பாக இருந்ததால் ஜட்ஜம்மா அப்படியே செய்தாள். நெளிந்த பல், வீங்கிய பல், வேர் கோணிய பல் எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் முடித்தாள், முடித்துவிட்டு எறிந்தாள். அப்படிச் செய்யும்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. பாதியில் எல்லாப் பல்லும் கண்றாவியாகத்தான் இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் சில பற்கள் தேறிவிடுகின்றன, சில தேறுவதில்லை. எது தேறும் என்று பாதியில் நின்று சொல்லவே முடியவில்லை. அவள் இதுவரை பாதிக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை. அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமலே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். இது தெரிந்ததும் அவளுக்குத் தன்னம்பிக்கை பொங்கிவிடவில்லை. சில நாள் எழுந்திருக்கவே முடியாமல் மதியம் வரை படுத்துத்தான் கிடந்தாள். ஆனால் மதியத்துக்கு மேலாவது எழுந்து ஒரு பல்லை முடித்தாள்.

மறுதேர்வன்று காலை கூடத்தில் அவளோடு சேர்த்து ஒரு சிறு கும்பல்தான். அதே டியூட்டர் கண்காணிப்பில் நின்றார். வேறு கல்லூரியிலிருந்து வந்த வெளித் தேர்வாளர் வாயில் பெப்பர்மின்ட்டை உருட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்தார். சீட்டு எடுக்கச் சொன்னார்கள். அவளுக்கு வந்தது மேல் வரிசை வலது முன்பல். மூக்குக்கு நேர்கீழே ஜோடியாக நிற்கும் பெரிய பற்களில் வலதுபக்கத்தது.

அந்தப் பல்லுக்கு ஒரு அடையாளம் உண்டு. கடிக்கிற விளிம்பின் இரண்டு மூலைகளில், ஜோடிப் பல்லை ஒட்டிய மூலை வெட்டினாற்போல் கூராக இருக்கும். மற்ற மூலை மழுங்கியிருக்கும். அதை வைத்துத்தான் இடதா வலதா என்று சொல்வார்கள். இதில் முதல் வருடப் பிள்ளைகள் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. வலது என்பது நோயாளியின் வலது. எதிரே நின்று பார்க்கிறவருக்கு அது இடப்பக்கம்.

ஜட்ஜம்மா கோடு கிழித்தாள். சீவினாள். மெழுகு சொன்ன பேச்சுக் கேட்டது. பாதி நேரம் போயிருக்கும். பல்லின் உருவம் வந்துவிட்டது. ஒரு சந்தேகத்துக்காகத் தன் சொந்தப் பல்லை நாக்கு நுனியால் தடவிப் பார்த்தாள். நாக்கு வலது முன்பல்லின் கூர்மூலையைத் தொட்டது. கையில் இருந்த பல்லைப் பார்த்தாள். கூர்மூலை அந்தப் பக்கம் இல்லை. மறுபடி தடவினாள். மறுபடி பார்த்தாள்.

அச்சு அசலாக ஒரு இடது பல்லைச் செதுக்கி வைத்திருந்தாள்.

போச்சு என்றது மனசு. அதற்கு மேல் அது விளக்கம்கூடச் சொல்லவில்லை. கால்கள் தாமாகவே எழுந்துகொண்டன. நாற்காலி தரையில் கிரீச்சிட்டது. எல்லாத் தலையும் திரும்பியது.

"என்னம்மா?" என்றார் டியூட்டர். இந்தத் தடவை அவர் கழிப்பறை என்று நினைக்கவில்லை. அவர் முகத்திலேயே அது தெரிந்தது.

"தண்ணி சூடாயிடுச்சு சார். மாத்திக்கிறேன்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மூலையிலிருந்த குழாய்க்குப் போனாள். குழாய்க்குப் பக்கத்திலேயே வாசற்கதவு. திறந்துதான் இருந்தது. வெளியே நடைபாதையில் வெயில் அடித்தது, யாரும் இல்லை. இப்படியே போனால் விடுதி. விடுதியில் கட்டில். கிண்ணம் நிரம்பி வழிந்தது. தண்ணீர் மணிக்கட்டில் சில்லென்று ஓடியது.

அப்போது அவள் துணிச்சலாக எதையும் நினைக்கவில்லை. அந்தக் கட்டியில் இன்னும் எவ்வளவு மெழுகு மிச்சம் இருக்கிறது என்று யோசித்தாள். கடிக்கிற விளிம்பை மழுங்கிய இடம் வரைக்கும் வெட்டி இறக்கினால் அந்த மூலை கூராகிவிடும். இப்போது கூராக இருக்கும் மூலையைத் தேய்த்து மழுக்கலாம். பல் உயரம் குறையும். குறைந்தால் கழுத்தை மேலே ஏற்ற வேண்டும், வேரை மறுபக்கம் சாய்க்க வேண்டும், உடம்பை ஒடுக்க வேண்டும். உள்ளே ஒரு குட்டிப் பல்லுக்கு இடம் இருக்குமா இருக்காதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் போக அவளுக்கு மனசு வரவில்லை. நம்பிக்கை என்று இதைச் சொல்ல முடியாது. பார்த்துவிட வேண்டும் என்கிற வீம்பு.

குழாயை மூடினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

முதல் வெட்டு கடினமாக இருந்தது. நன்றாக வந்திருந்த விளிம்பைத் தானே அரிந்து கீழே தள்ளினாள். மூலை கூரானது. அடுத்த மூலையைச் சாய்த்துச் சீவினாள். பல் முன்னைவிட அசிங்கமாகிவிட்டது. மொண்டிப் பல். பரவாயில்லை, இது பாதிதான் என்று சொல்லிக்கொண்டு வேரில் கை வைத்தாள். மனசு நடுநடுவே எழுந்து பேசியது. அது பேசட்டும் என்று விட்டுவிட்டு இவள் சீவிக்கொண்டிருந்தாள். கழுத்து ஏறியது. உடம்பு ஒடுங்கியது. வேர் மறுபக்கம் சாய்ந்தது. கடைசியில் ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கத்தியை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். கை வலித்தது, முதுகு வலித்தது, சட்டை நனைந்து ஒட்டியது. அவள் நாற்காலியில் இருந்தாள்.

தட்டில் வரிசையாக வைத்த பற்களை வெளித் தேர்வாளர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றை அளவுகோல் வைத்து அளந்துவிட்டுத் தூக்கிப் பிடித்தார்.

"இது யாரோடது? பால் குடிக்கிற குழந்தை வாயிலேர்ந்து புடுங்கினதா?"

கூடம் சிரித்தது. ஜட்ஜம்மா எழுந்து நின்றாள்.

"என்னோடது சார்."

"அளவு தெரியாதா?"

"தெரியும் சார். வலதுக்குப் பதிலா இடதைச் செதுக்கிட்டேன். பாதியிலதான் தெரிஞ்சது. மிச்சம் இருந்த மெழுகுல வலதை எடுத்தேன்."

பெப்பர்மின்ட் வாய்க்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது. "புதுக் கட்டி கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பீங்களா சார்?"

"மாட்டேன்."

மறுபடி சிரிப்பு. அவர் பல்லை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். கழுத்து வளைவை விரல் நகத்தால் தொட்டார். டியூட்டரைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தார். டியூட்டர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அளவுக்கு மார்க் கெடையாது" என்றார் தேர்வாளர்.

"சரி சார்."

"அதுல ஒரு மார்க்கும் கெடையாது."

"சரி சார்."

"எல்லாத்துக்கும் சரி சார்தானா? வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லயா?"

ஜட்ஜம்மா அந்தப் பல்லைப் பார்த்தாள். தான் செய்த ஒரு பொருளை இவ்வளவு நிதானமாக அவள் பார்த்ததே இல்லை.

"இருக்கு சார். அளவு தப்பு. மத்ததெல்லாம் சரியா இருக்கு."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. தேர்வாளர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார்.

"ஆமா, சரியாத்தான் இருக்கு" என்றார். "பாஸ். போ."

அவள் வெளியே வந்தாள். இடப்பக்கம் போனால் விடுதி. அவள் மாடிப்படிப் பக்கம் திரும்பினாள். பாதிப் படியில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"பாஸ்மா."

"நெசமாவா, நல்லாருக்கேன் மாதிரியா?"

"நெசமா."

"சரி, வை. அப்பா வேன் ஓட்டிட்டு இருப்பாரு, எடுக்க மாட்டாரு. இருந்தாலும் போடறேன்."  போன் வைக்கப்படுவதற்குள் அம்மா கடையில் யாரிடமோ, "எம்பொண்ணு" என்று ஆரம்பிப்பது கேட்டது.

இரண்டாம் ஆண்டு வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஜட்ஜம்மா வாசலில் போய் நின்றாள். வெள்ளைக் கோட்டின் முன்பக்கம் முழுக்க மெழுகுத்தூள், நகக்கண்ணிலெல்லாம் மெழுகு, கலைந்த தலை.

"உள்ள வரலாமா மேடம்?"

பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் திரும்பினார். "யாரு நீ? உன்னைப் பாத்ததே இல்லையே."

"இந்த வகுப்புதான் மேடம்."

"எப்பலேர்ந்து?"

"இப்பலேர்ந்து. கீழ பாஸ் பண்ணிட்டு நேரா வரேன்."

ஜன்னலோர பெஞ்சிலிருந்து ஒரு விசில் கிளம்பியது. அது யாருடையது என்று கேட்கவே வேண்டாம். அடுத்து ஒரு கை மேசையைத் தட்டியது. பிறகு வகுப்பு முழுக்கத் தட்ட ஆரம்பித்தது. அவளை யாருக்கும் பிடிக்காது என்று அவள் எப்போதோ முடிவு கட்டி வைத்திருந்த அதே வகுப்பு. மேடம் சாக்பீஸைப் பிடித்தபடி அது ஓயும்வரை நின்றார். ஓய்வதாக இல்லை.

"போதும், போதும். வா, வந்து உட்காரு. அரைப் பாடம் போயிடுச்சு."

ஜட்ஜம்மா இரண்டு வரிசைக்கும் நடுவே மெழுகுத்தூளை உதிர்த்துக்கொண்டே நடந்து போனாள். டமாரம் நகர்ந்து இடம் விட்டாள். ஜட்ஜம்மா உட்கார்ந்து, பலகையைப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை.

"நோட்டை மொதல்லேர்ந்து காட்டு" என்று டமாரத்திடம் கையை நீட்டினாள்.